ஓடையின் பெயர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘நிலமும் கவிதையும்’ என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். தமிழ்ப் பேராசிரியர்களுக்கு மிக எளிதாகத் தோன்றும் தலைப்பு இது. ஐந்திணையில் தொடங்கி, முதல், கரு, உரி எனப் பகுத்து, இரண்டு மேற்கோள் காட்டி அமர்ந்துவிடலாம். கடந்த பல ஆண்டுகளாக நானும் அவ்வாறே பேசி வந்திருக்கிறேன். இன்று அவ்வாறு பேச மனம் ஒப்பவில்லை. எனவே மேற்கோள் நூல்களை வீட்டில் வைத்துவிட்டு, ஒரே ஒரு தாளை மட்டும் சுருட்டி எடுத்து வந்திருக்கிறேன்.

இது இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடம். பொறியாளர்கள் ‘டோபோஷீட்’ என்று வழங்குவது. இதன் எண் 66 சி/4. நாம் அமர்ந்திருக்கும் சோழவரமும் அதன் ஏரியும், செங்குன்றமும் புழல் ஏரியும் இத்தாளில் அடங்கியுள்ளன. பொன்னேரி வடக்கே அடுத்த தாளில் இருக்கிறது. பழவேற்காடு இன்னொரு தாளில். இதில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். கடலோரப் பகுதிகளின் இத்தகைய தாள்கள் நெடுங்காலம் பொதுமக்கள் கைக்கு எட்டாதவையாக இருந்தன. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகே அந்தக் கட்டு தளரத் தொடங்கியது. 2021-இல் வெளியான வழிகாட்டு நெறிகள் அதை மேலும் தளர்த்தின.

இத்தாளில் நான் ஓர் ஓடையைத் தேடினேன். கிடைத்ததா, இல்லையா என்பதே இன்றைய என் உரை.

வண்ணங்களின் இலக்கணம்

வரைபடத்திற்கும் ஓர் இலக்கணம் உண்டு. நீர் நிற்கும் இடம் நீலம். காடு பச்சை. உழவு நிலம் மஞ்சள். குடியிருப்பு சிவப்பு. மேடு பள்ளத்தைக் காட்டும் சம உயரக் கோடுகள் பழுப்பு. கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் இணைத்து வரைந்த கோடே சம உயரக் கோடு. கோடுகள் நெருங்கி நின்றால் செங்குத்தான சரிவு, விலகி நின்றால் சமவெளி. மழைக்காலத்தில் மட்டும் நீரோடிப் பிற மாதங்களில் வறண்டு கிடக்கும் ஓடையைக் கருங்கோட்டால் வரைவார்கள்.

இவ்விலக்கணம் மலைநாட்டில் மிக நன்றாகப் பேசுகிறது. நம் மாவட்டத்தின் மேற்கே அல்லிக்குழி மலைப்பகுதியின் தாளைப் பார்த்தால், எந்த ஓடை எந்தக் குன்றில் பிறந்து எங்கே திரும்புகிறது என்பதைத் தாளிலேயே விரல் வைத்துப் பின்தொடரலாம். சமவெளியில் அது திக்குகிறது. இத்தாள்களில் ஒரு கோட்டிற்கும் அடுத்த கோட்டிற்கும் உள்ள உயர வேறுபாடு பொதுவாக 20 மீட்டர். சோழவரத்தைச் சுற்றிய நிலத்தில் ஒரு கோட்டைக் கண்டபின் அடுத்ததைக் காண நெடுந்தொலைவு செல்லவேண்டும். இடையில் உள்ளதெல்லாம் வரைபடத்தின் கண்ணுக்கு ஒரே மட்டம். நீரின் கண்ணுக்கு அப்படி இல்லை. ஒரு முழம் தாழ்ந்தாலும் நீர் அதை அறியும். அந்த ஒரு முழத்தை நீரைத் தவிர அறிந்தவர்கள் இருவர். ஒருவர் உழவர். மற்றவர் மாடு மேய்ப்பவர்.

அளந்தவர்கள்

இந்திய நாட்டை அறிவியல் முறைப்படி அளக்கும் பெரும்பணி நமக்கு மிக அண்மையில்தான் தொடங்கிற்று. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்பவர் பரங்கிமலை அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கலானார். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் கிடத்தி, ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அந்தக் கோட்டை அளந்து முடிக்க 57 நாள்கள் ஆயின. அந்த ஒரு கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரியும் மூன்றாவது புள்ளியை நோக்கிக் கோணங்களை அளந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அதன் ஒரு பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம். இவ்வாறே முக்கோணத்தின்மேல் முக்கோணமாக வளர்ந்து அந்த அளவை இமயம் வரை சென்றது.

தொலைவில் தெரியும் புள்ளி வேண்டுமெனில் உயரம் வேண்டும். ஆகவே அளவையாளர்கள் குன்று குன்றாக ஏறினார்கள். குன்றில்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களில் ஏறினார்கள். சுமார் அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டுக் கருவியை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் வாரக்கணக்கில் தனித்திருந்து அதைத் தம் கையாலேயே தட்டிச் சீர்செய்தார் என்பது அளவை வரலாற்றில் புகழ்பெற்ற செய்தி.

இப்பணியில் நம் நாட்டவர் பங்கும் சிறிதன்று. 1794-இல் மைக்கேல் டாப்பிங் சென்னையில் தொடங்கிய அளவைப் பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. ஆற்காட்டைச் சேர்ந்த சையது மீர் மோசின் உசேன் என்பவர் எவரெஸ்ட் காலத்தில் அளவைக் கருவிகளைச் செப்பனிடும் வல்லுநராக விளங்கினார். ஆயினும் சங்கிலி பிடித்தவர்கள், கொடி நட்டவர்கள், காட்டை வெட்டி வழி திறந்தவர்கள், ‘அந்தக் குன்றுக்குப் பெயர் என்ன?’ என்ற கேள்விக்கு விடை சொன்ன மேய்ப்பர்கள் ஆகியோரின் பெயர்களை நாம் அறியோம். வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு பெயரும் யாரோ ஒருவர் வாயிலிருந்து வந்தது. பெயர் மட்டும் தாளேறியது, சொன்னவர் ஏறவில்லை.

அளப்பதோடு கேட்கவும் தெரிந்த அளவையாளர் ஒருவரையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவராக அமர்ந்த காலின் மெக்கன்சி, சென்ற ஊர்களில் எல்லாம் நிலத்தை அளந்ததோடு நில்லாமல், காவலி வெங்கட போரய்யா, லட்சுமய்யா முதலிய துணைவர்களைக் கொண்டு ஊர் வரலாறுகளையும் கைஃபியத்துகளையும் சுவடிகளையும் திரட்டினார். அத்திரட்டின் ஒரு பகுதி இன்றும் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. நிலத்தின் உருவத்தைக் கோடு சொல்லும், அதன் வரலாற்றை அங்கே வாழ்பவர்தாம் சொல்லவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பெயர்கள் படும் பாடு

பெயர் தாளேறும்போது என்ன ஆகிறது என்பதற்கு நம் பகுதியே போதிய சான்று. செங்குன்றம் ‘ரெட் ஹில்ஸ்’ என மொழிபெயர்ந்தது. பழவேற்காடு ‘புலிகாட்’ எனத் திரிந்தது. சோழவரம் ஆங்கிலத்தில் ‘ஷோலவரம்’ ஆயிற்று. நம் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கொசஸ்தலையாறு என்று அரசு ஆவணம் எழுதுகிறது. கொற்றலையாறு என்று தமிழறிஞர் சிலர் எழுதுவர். ‘கோர்டெலியார்’ என்று பழைய ஆங்கில ஆவணங்கள் கூறும். இவற்றுள் எது முதற்பெயர் என்று தீர்ப்பளிக்க நான் வரவில்லை. கரையில் உள்ள நம்மவர்கள் ‘ஆறு’ என்று மட்டுமே சொல்கிறார்கள். ஓர் ஊருக்கு ஓர் ஆறு என்றால் அதற்குப் பெயர் எதற்கு என்பது அவர்கள் கணக்கு.

2020 சூன் மாதத்தில் தமிழ்நாட்டரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டதும், எழுத்துக்கூட்டுப் பற்றிய மறுப்புகளுக்குப் பின் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். ஊர்ப் பெயருக்கு அத்துணை வழக்கு நடந்தது. நல்லதே. ஊருக்குள் ஓடும் ஓடைக்காக வழக்காட எவரும் இலர்.

நம் ஊர்ப் பெயர்களை ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள். காரனோடை. பெயருக்குள்ளேயே ஓடை ஓடுகிறது. ஆட்டந்தாங்கல். தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிறுத்தும் சிறு நீர்நிலை. வெள்ளிவாயல் என்னும் பெயரில் வாயல் உள்ளது. எருமைவெட்டிப்பாளையம் என்னும் பெயரில் எருமை நிற்கிறது. அலமாதியில் இன்றும் மைய அரசின் கால்நடைப் பண்ணை முர்ரா எருமைகளை வளர்த்து வருகிறது. இப்பகுதியை இன்று நாம் தொழிற்பகுதி என்கிறோம். பெயர்களோ இது நீரும் மாடும் நடந்த நிலம் என்கின்றன.

என் கதை

இனி, நான் தயங்கித் தயங்கிச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு முல்லைத் திணை பற்றியது. காடும் காடு சார்ந்த இடமும், ஆயரும் ஆநிரையும், மாலையும் கார்காலமும் என நானூறு பக்கம் எழுதினேன். மேய்ச்சல் நிலத்தைக் குறிக்கும் சொற்களுக்கு ஒரு தனி இயலே அமைத்தேன். வாய்மொழித் தேர்வில் பாராட்டும் பெற்றேன்.

2013-இல் நானும் என் கணவரும் இப்பகுதியில் ஒரு மனை வாங்கினோம். மனைப்பிரிவின் வரைபடம் அழகாக இருந்தது. கட்டங்கட்டமான மனைகள், முப்பதடிச் சாலை, பூங்காவுக்கு ஒரு மூலை. விற்றவர்கள் அது ‘மேட்டுத் தரிசு’ என்றார்கள். நாங்களும் நம்பினோம். மறு ஆண்டே வீடு எழும்பியது.

2015 திசம்பர் முதல் நாள் இரவு பெய்த மழையை இந்த அவையில் எவரும் மறந்திருக்க முடியாது. விடியற்காலையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி இல்லை. எங்கள் வீடும், எதிர்வரிசையில் இரண்டு வீடும், கிழக்கே நான்கு வீடும் மட்டும். மாடியிலிருந்து பார்த்தபோது அவ்வீடுகளை எல்லாம் கோத்துக்கொண்டு நீர் ஒரே வளைவாகப் போவது தெரிந்தது. கீழறையில் என் புத்தகங்கள். ஆய்வேட்டின் படிகளும் அங்கேயே இருந்தன.

நான்கு நாள் கழித்து, சேறு வாரிக்கொண்டிருந்தபோது, எருமைகளை ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். அவ்வழியாக நாள்தோறும் போகிறவர். அதுவரை நான் அவரிடம் பேசியதில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு, “எல்லாம் போச்சா, டீச்சரம்மா?” என்று கேட்டார்.

“ஆமாங்க ஐயா. எங்கிருந்து இவ்வளவு தண்ணி வந்ததுன்னே தெரியலை.”

“இது ஓடைங்கம்மா. மேலத் தாங்கல் நெறைஞ்சா இதுலதான் எறங்கும். நாங்க சின்னப் பசங்களா இருக்கும்போது எருமை எல்லாம் இங்கதான் படுத்துக் கெடக்கும். படுகைன்னு சொல்லுவோம்.”

“எங்க பத்திரத்துல ஓடைன்னு எதுவும் இல்லையே?”

அவர் சிரிக்கவில்லை. “நீங்க வீடு கட்டினது தண்ணிக்கு எப்படிம்மா தெரியும்? அது தன் வழியில வந்துது” என்று மட்டும் சொல்லிவிட்டு எருமைகளின் பின்னே நடந்தார்.

அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. மேய்ச்சல் நிலச் சொற்களுக்கு ஓர் இயல் எழுதிய நான், மேய்ச்சல் நிலத்தின்மேல் வீடு கட்டிக்கொண்டு அதை அறியாமல் இரண்டாண்டு வாழ்ந்திருக்கிறேன். ‘படுகை’ என்ற சொல் என் ஆய்வேட்டில் இருக்கிறது, அடிக்குறிப்போடு. என் வீட்டு வாசலில் அது இருந்தது எனக்குத் தெரியவில்லை.

தாளில் தேடியது

அதன் பிறகே நான் வரைபடம் படிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் கல்லூரியின் புவியியல் துறை நண்பர் ஒருவர் பழைய தாள் ஒன்றைக் காட்டி, பூதக்கண்ணாடியும் தந்தார். அரைமணி நேரம் தேடினேன். ஒரு நீலத் துளி, அதிலிருந்து தென்கிழக்கே தலைமயிர் போல் ஒரு கருங்கோடு. சிறிது தூரம் சென்று, மஞ்சள் நிறத்துக்குள் நுழைந்து நின்றுவிட்டது. அவ்வளவே. அருகில் பெயர் இல்லை.

ஆகவே, நான் தேடிய ஓடை கிடைத்தது, ஆனால் பெயரின்றிக் கிடைத்தது.

நண்பர்களே, இங்கே அளவையாளரைக் குறைகூற இடமில்லை. அவர் வந்து, கண்டு, கோட்டை வரைந்துவிட்டுச் சென்றார். கோடு அங்கே இருந்தது. மனைப்பிரிவு வரைந்தவர்கள் அந்தத் தாளைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பேசவில்லை. பெயரில்லாத கோட்டை அழிப்பது எளிது. அதற்கொரு பெயர் இருந்து, அப்பெயர் பத்திரத்தில் எல்லையாகவும், பாட்டி வாயில் கதையாகவும், பள்ளிப் பிள்ளையின் கட்டுரையில் ஒரு வரியாகவும் புழங்கியிருந்தால் அவ்வளவு எளிதில் அழித்திருக்க முடியாது என்பதே என் துணிபு.

வருவாய்த் துறையின் கிராம வரைபடமும் புலப்படமும் வேறு வகை. அவை மேடு பள்ளத்தைக் காட்டா. எல்லையையும் உரிமையையும் காட்டும். அங்கே ‘மேய்க்கால் புறம்போக்கு’, ‘ஓடைப் புறம்போக்கு’ என்ற சொற்களைக் காணலாம். புறம்போக்கு என்பதன் பொருள், தனியார் பட்டாவுக்கும் வரிக்கும் புறம்பாக வைக்கப்பட்டது என்பதே. ஊர்ப்பொது என்பதற்காகவே அது புறம்பாக வைக்கப்பட்டது. அச்சொல் நம் தெருக்களில் ஒரு வசைச்சொல்லாகச் சரிந்திருப்பதைச் சொல்லாய்வாளர்கள் கவனிக்க வேண்டும். ஒரு நிலத்தை இழப்பதற்கு முன்னரே அந்நிலத்தின் பெயரை இழிவாக்கிவிட்டோம்.

மற்ற மேய்ச்சல் நிலங்கள்

இது நம் ஊர்க் கதை மட்டுமன்று. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய்க்கண்டிகையில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் ஊரார் நம்பியிருந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிப்காட் தொழிற்பூங்கா ஆயிற்று. ஊரார் நெடுங்காலம் எதிர்த்தனர். அவ்வழக்கு 2012-இல் பிரான்சு நாட்டு முறையீட்டு அமைப்பு வரை சென்றது. அதே பெயரைத் தாங்கிய கண்ணன்கோட்டை–தேர்வாய்க்கண்டிகை நீர்த்தேக்கம் 2020-இல் திறக்கப்பட்டு, 500 மில்லியன் கன அடி கொள்ளளவோடு சென்னையின் தாகத்துக்கு உதவுகிறது. தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மாணவிகளின் அண்ணன்மார் பலர் அங்கே வேலை பார்த்துத் தங்கையரைப் படிக்க வைக்கிறார்கள். நான் சொல்வது வேறு. ‘இங்கே ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு எந்தப் பணியும் தொடங்கக்கூடாது. அங்கே இருந்ததைச் சொல்லிவிட்டுத் தொடங்கவேண்டும்.

நீலகிரியைப் பாருங்கள். 1821–22-இல் வார்டு என்னும் அளவையாளர் அம்மலையை அளந்தார். தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளைப் பிற்கால ஆட்சியாளர்கள் பயனற்ற வெளி என்று கருதி, சீகை மரமும் தைல மரமும் நட்டனர். உதகமண்டலம் என்ற பெயருக்குள் ‘மந்து’ என்னும் தோடர் குடியிருப்பின் பெயர் ஒளிந்திருக்கிறது. எருமை மேய்ந்த புல்வெளி சுருங்கிவிட்டது. பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

இதற்கு மாறான ஒரு சான்றும் உண்டு. காங்கேயம் பகுதியில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்கள் உள்ளன. கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். காங்கேயம் காளைகள் அங்கேதான் வளர்கின்றன. வரைபடத்தில் அதுவும் வெறும் புதர்வெளியாகவே தோன்றக்கூடும். ஆனால் அதற்குச் சொந்தக்காரரும் வேலியும் பெயரும் உண்டு. அதனால் பெருமளவு நிலைத்தது. ஊர்ப்பொதுவான மேய்க்காலுக்கு வேலி இல்லை. அதற்கு வேலியாக இருந்திருக்க வேண்டியது ஊராரின் நினைவு.

கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில் இதே சிக்கல் பேருருவம் கொண்டது. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் காணப்பட்ட கழியின் பெரும்பகுதி பின்னர்க் காட்டப்பட்ட வேறொரு வரைபடத்தில் இல்லை என மீனவரும் ஆர்வலரும் 2017-இல் முறையிட்டதை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். அங்கே எந்த வரைபடம் செல்லும் என்பது ஏட்டு ஆராய்ச்சி அன்று. வலை வீசும் குடும்பங்களின் உலை அதில் தொங்குகிறது.

கடல்கடந்த ஒரு செய்தியையும் ஒப்பிட்டுக் காட்டலாம். அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதி பெரும் கால்நடைப் பண்ணைகளின் நாடு. ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் பல மைல் இடைவெளி. 1879-இல் நிறுவப்பெற்ற அந்நாட்டு நிலவியல் அளவைத் துறை, குன்றுகளையும் ஓடைகளையும் தாள் தாளாக வரைந்தது. 1:24,000 அளவிலான 55,000-க்கும் மேற்பட்ட தாள்களைக் கொண்ட வரிசை 1992-இல் நிறைவுற்றது. ஓடைக்குப் பெயர் என்ன என்று பண்ணைக்காரர்களிடம் கேட்டு எழுதினார்கள். இருவர் இரு பெயர் சொன்னால் தீர்த்துவைக்க 1890 முதலே ஒரு பெயர் வாரியம் உண்டு. அங்கும் தொல்குடிகளின் பெயர்கள் பல விடுபட்டன என்பது உண்மையே. எனினும், ஆளரவமற்ற பள்ளத்தாக்கில் ஆண்டில் சில வாரங்களே ஓடும் நீருக்கும் ஒரு பெயர் வேண்டும், அதை அங்கே மாடு மேய்ப்பவரிடம் கேட்கவேண்டும் என்னும் முறைமை நாம் கொள்ளத்தக்கது.

சிற்றோடையின் பெருமை

பெயரற்ற ஓடையில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நம் மாவட்டத்திலேயே ஓர் விடை உண்டு. 1863-ஆம் ஆண்டு மே 30-இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்பவருடன் பூண்டிக்கு அருகே கொசஸ்தலையாற்றில் கலக்கும் சிற்றோடை ஒன்றின் கரையில் அத்தகைய கருவிகளை மிகுதியாகக் கண்டார். அவ்விடமே அத்திரம்பாக்கம். சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வுகள் அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-இலும், அடுத்த கட்டத் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது என்று 2018-இலும் தெரிவித்தன. மாந்தர் வரலாற்றின் முன்னுரைப் பக்கங்களுள் ஒன்று நம் மாவட்டத்து ஓடைக்கரையில் கிடந்தது. அந்தக் கரையைச் சமன்செய்து மனை போட்டிருந்தால் அப்பக்கம் நமக்கு இல்லை.

கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்

நம் அகத்திணை மரபில் ஒரு நுட்பம் உண்டு. அங்கே தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டுதல் கூடாது. ஆனால் நிலத்தைச் சுட்டாமல் பாட்டில்லை. மாந்தர் பெயரை மறைத்து, நிலத்தைத் துலக்கிக் காட்டிய மரபு நம்முடையது. இன்று நம் கவிதைகளில் நம் பெயர் நிறைய வருகிறது. நிலம்தான் பெயரின்றி நிற்கிறது. ‘ஓடை’ என்று எழுதுகிறோம். எந்த ஓடை என்று யாரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொண்டே பேசுகிறேன்.

2016 முதல் எங்கள் கல்லூரியின் முதலாண்டு மாணவிகளுக்கு ஒரு பயிற்சி தந்து வருகிறேன். தத்தம் ஊரில் உள்ள நீர்வழி, மேடு, பாறை, மந்தைவெளி ஆகியவற்றின் பெயர்களை மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வரவேண்டும். இணையத்தில் பார்த்தல் கூடாது. முதலாண்டில் பலர் வெறுங்கையோடு வந்தார்கள். ஒரு பெண் மட்டும் பதினொரு பெயர்களை எழுதி வந்தாள். ஒரே கால்வாய்க்கு மதகருகே ஒரு பெயர், வளைவில் ஒரு பெயர், கலங்கலுக்குக் கீழே ஒரு பெயர். “யாரைக் கேட்டாய், அம்மா?” என்றேன். “எங்க ஆயாவை, மிஸ். ஆடு மேய்ச்சவங்க. இத்தனை நாள் யாரும் கேக்கலியேன்னு அழுதுட்டாங்க” என்றாள். அந்த மூதாட்டி மறு ஆண்டு மறைந்தார். பதினொரு பெயர்களும் இப்போது அந்தக் குறிப்பேட்டில் இருக்கின்றன. அவை வேறெங்கும் எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியாது.

இவ்வட்டம் பத்தாண்டு நிறைவை மலர் வெளியிட்டுக் கொண்டாடுகிறது. பதினோராம் ஆண்டில் ஒரு பணியை மேற்கொள்ளலாமா என்று பணிவோடு கேட்கிறேன். ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊரின் ஐந்து பெயர்களைத் திரட்டுவோம். ஓர் ஓடை, ஒரு தாங்கல், ஒரு மேடு, ஒரு மேய்ச்சல் வெளி, ஒரு வழித்தடம். பெயர், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சொன்னவர் யார், அவர் அகவை என்ன என்ற நான்கும் வேண்டும். இம்முறை சொன்னவரின் பெயரையும், அவர் இசைவோடு, சேர்த்தே எழுதுவோம். நம் ஐம்பது உறுப்பினரும் முனைந்தால் இருநூற்றைம்பது பெயர்கள். அவற்றை இத்தாளின்மேல் பென்சிலால் குறித்து, ஒரு படி ஊராட்சி அலுவலகத்திற்கும், ஒரு படி பள்ளிக்கும் கொடுப்போம். அதற்குச் சட்டத்தின் வலிமை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் நாளை மனை வாங்க வரும் ஓர் ஆசிரியைக்கு, ‘அம்மா, அது படுகை’ என்று சொல்ல ஒரு தாள் இருக்கும்.

நிறைவாக ஒன்று. எங்கள் வீட்டு வழியே வந்த ஓடையின் பெயரை நான் பிறகு அறிந்தேனா என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளம் வடிந்த அடுத்த மாதமே அந்தப் பெரியவரைத் தேடிச் சென்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, “எங்கப்பா ஒரு பேரு சொல்லுவாரும்மா. நாக்கு நுனியில இருக்கு. ஞாபகம் வந்தா சொல்றேன்” என்றார். அதன்பின் பலமுறை சந்தித்தோம். ஒவ்வொரு முறையும் நான் கேட்பேன், அவர் தலையசைப்பார். தொற்றுநோய்க் காலத்தில், 2021-இல், அவர் மறைந்தார். பெயர் வரவில்லை.

ஒரு தலைமுறை முன்னதாக யாரேனும் கேட்டிருந்தால் அது இத்தாளில் இருந்திருக்கும். அக்கோட்டின் அருகே நான் பென்சிலால் ஒரு சிறு இடம் விட்டு வைத்திருக்கிறேன். அப்பெயர் அறிந்தவர் இந்த அவையில் யாரேனும் இருப்பின், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.